நாலாவது வாய்க்கால்

எங்கள் அப்பாவுக்கு இருதய பைபாஸ் அறுவை நடந்தது 2008ஆம் ஆண்டு ஐப்பசியில், சென்னையில். அப்போது அவருக்கு 59 வயது. எத்தனை குழாய்களை ஒட்டினார்கள் என்னும் கேள்விக்கு எங்கள் வீட்டில் 17 ஆண்டுகளாக இரண்டு விடைகள் வழங்கிவந்தன. அம்மா நாலு என்பார். அறுவை அறையிலிருந்து வெளியே வந்த உதவி மருத்துவர் நாலு விரல்களைக் காட்டிவிட்டுப் போனார் என்பது அவருடைய சாட்சியம். அது அறுவைக்குப் பிடித்த மணிநேரமாக இருக்கும் என்று நாங்கள் மூவரும் சிரித்துத் தள்ளிவிடுவோம். அப்பா மூன்று என்பார். அவர் அந்த நேரத்தில் மயக்கத்தில் இருந்தவர் என்பதை ஏனோ யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. மருத்துவமனை கொடுத்த கோப்பைப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும் வழக்குதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் ஓடுகள் பறந்த அறையில் ட்ரங்குப் பெட்டி இருந்தது. கோப்பு அதற்குள் இருந்தது. வெயிலில் உலர்த்திப் பார்த்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து, நீலக் கட்டியாகிவிட்டிருந்தன.

2025 ஆவணியில்தான் அந்த எண்ணிக்கை எங்களுக்கு வேண்டியதாயிற்று. அரசலாற்றங்கரையோடு கடற்கரை வரை நடந்து போய்வருவது அப்பாவின் மாலை வழக்கம். அந்த நடையில் அவர் பாதி வழியில் நிற்கத் தொடங்கினார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பதாகச் சொல்வார். இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே நிறத்தைப் பார்ப்பானேன் என்று எங்களில் மூத்தவருக்குச் சந்தேகம். இ.சி.ஜி.யில் புதிதாக ஒன்றும் இல்லை. எக்கோவில் இதயத்தின் அமுக்கும் திறன் குறையவில்லை. ஓடுபொறியில் ஏற்றிப் பார்க்க அவருடைய முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ குழல் செலுத்திச் செய்யும் ஆஞ்சியோ ஒன்று. கையில் ஊசி வழியே மருந்தேற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் மற்றொன்று. ஒட்டிய குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று மட்டும் தெரியவேண்டுமானால் ஸ்கேனே போதும் என்பது அவர் கருத்து.

இங்கே அப்பாவின் தொழிலைச் சொல்லவேண்டும். அவர் புதுச்சேரி அரசின் பொதுப்பணித் துறையில் நீர்ப்பாசனப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்றவர். அரசலாறும் நாட்டாறும் நூலாறும் திருமலைராயனாறும் கடலைத் தொடுவதற்குமுன் கடைசியாகப் பாயும் வயல்கள் காரைக்காலுடையவை. 2007இல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கென ஒதுக்கிய 7 டி.எம்.சி. இந்த நிலங்களுக்குத்தான். 2018இல் உச்ச நீதிமன்றம் பெரிய மாநிலங்களின் பங்குகளைக் கூட்டிக் குறைத்தபோதும் அந்த 7 அப்படியே நின்றது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கே மடக்கப்பட்டது, எந்த மதகில் சருகு அடைத்தது என்பதையெல்லாம் கடைமடைக்காரன் தன் வயலின் வெடிப்பைப் பார்த்தே ஊகித்தாகவேண்டும். அந்த ஊகத்திலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர் அப்பா. ஆகவே தன் இதயத்தையும் அவர் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்.

அந்தப் புரிதலில் பெரிய பிழை இருப்பதாகவும் எங்களுக்குத் தோன்றவில்லை. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. அவற்றின் தலைப்பக்கத்தில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து அடைத்துக்கொண்டால் கீழேயுள்ள தசை காய்கிறது. அறுவையாளர் அடைப்பை நீக்குவதில்லை. காலிலிருந்து எடுத்த சிரையின் ஒரு முனையைப் பெருந்தமனியிலும் மறுமுனையை அடைப்புக்குக் கீழேயும் தைத்து மாற்றுவழி உண்டாக்குகிறார். மார்புக்கூட்டின் உட்புறமாக இறங்கும் ஒரு தமனியை மட்டும் தலைப்பில் வெட்டுவதில்லை. நுனியை விடுவித்து, இதயத்தின் முன்புறத் தமனியில் கொண்டுவந்து சேர்க்கிறார். "ஒண்ணு பழைய ஆத்தைத் திருப்பிவிட்டது, மத்ததெல்லாம் புதுசா வெட்டுன வாய்க்கால்" என்பது அப்பாவின் சுருக்கம். திருப்பிவிட்ட ஆறு நெடுநாள் ஓடுகிறது. பத்தாண்டுகளுக்குப் பிறகும் பத்தில் ஒன்பது பேருக்கு அது திறந்தே இருப்பதாகக் கணக்கு. வெட்டிய வாய்க்கால்கள் அப்படியல்ல. சிரை என்பது தாழ்ந்த அழுத்தத்துக்குப் பிறந்த மெல்லிய குழாய். தமனியின் அழுத்தத்தை நாளெல்லாம் தாங்கித் தாங்கி அதன் சுவர் தடிக்கிறது. பிறகு அங்கேயும் கொழுப்பு படிகிறது. பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதி மூடிப்போகின்றன. இந்தக் கணக்கெல்லாம் 2008இல் எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பத்திரமாக மறந்திருப்போம்.

அம்மாவுக்கு மட்டும் ஓர் ஐயம் இருந்தது. அப்பா வீடு திரும்பிய சில மாதங்களில், 2009 ஜனவரி 24 அன்று, பிரதமர் மன்மோகன் சிங்குக்கு டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பைபாஸ் நடந்தது. அவருக்கு அது இரண்டாவது. முதலாவது 1990இல் நடந்திருந்தது. நாளிதழில் அதைப் படித்துவிட்டு, "அப்போ இது ஒரு தடவையோட முடியிற சமாச்சாரம் இல்லையா?" என்று அம்மா கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை. பேச்சை மாற்றினோம் என்றே நினைவு.

அறுவையின் வரலாற்றைத் தேடிப் படித்தது எங்களில் இளையவர். அர்ஜென்டினாவில் கிராமத்து மருத்துவராகப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு அமெரிக்காவுக்குப் போன ரெனே ஃபவலோரோ, 1967இல் கிளீவ்லாந்தில் கால் சிரையைக் கொண்டு இந்த முறையை நிலைநாட்டினார். எட்டே ஆண்டுகளில், 1975இல், சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் அதைச் செய்தார். இந்தியாவில் அதுவே முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை. (செரியன் 2025 ஜனவரியில் மறைந்தார்.) ஒரு ரயில்வே மருத்துவமனையில் அது நிகழ்ந்தது என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. அப்பாவுக்கு இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் நடக்காமல் வேறெங்கே நடக்கும் என்று கேட்கிற தலைமுறை அது. அன்றைக்கெல்லாம் ஒட்டிய குழாயை உயிரோடிருப்பவரின் உடலில் பார்க்க வேண்டுமானால் குழல் செலுத்தித்தான் பார்க்கவேண்டும். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி 1971இல் லண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்திருந்தது. ஆனால் அது தலையை மட்டுமே பார்த்தது, அதையும் நிமிடக்கணக்கில் எடுத்துக்கொண்டு. அசையாத மூளையைப் படமெடுக்கலாம். துடிக்கிற இதயத்தை என்ன செய்வது? 2004ஐ ஒட்டி ஒரே சுற்றில் 64 வெட்டுகளை எடுக்கும் கருவிகள் வந்த பிறகே இதயத் தமனிகளை நம்பிப் பார்க்கும் நிலை அன்றாட மருத்துவத்துக்கு வந்தது.

எங்களுக்குள் வாக்குவாதம் நடக்காமல் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. கிரியாட்டினின் 1.5. இரண்டு வழியிலும் அயோடின் கலந்த மருந்து செலுத்தித்தான் ஆகவேண்டும், அதைக் கழிக்க வேண்டியது சிறுநீரகம். மயிலாடுதுறையில் இருக்கும் எங்கள் சகோதரி எந்தச் சோதனையும் வேண்டாம், மாத்திரையைக் கூட்டிப் பார்க்கலாம் என்றார். சென்னையிலிருப்பவர் நேராக ஆஞ்சியோவே செய்துவிடலாம், இரண்டு செலவு எதற்கு என்றார். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பைபாஸ் ஆனவருக்கு ஆஞ்சியோ செய்யும்போது, ஒவ்வொரு ஒட்டுக்குழாயின் வாயையும் பெருந்தமனிச் சுவரில் குழல் முனையால் தடவித் தேடவேண்டும். தேடத் தேட மருந்தும் நேரமும் கூடும். லண்டனில் இத்தகைய 688 பேரிடம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், முதலில் சி.டி. எடுத்துவிட்டு ஆஞ்சியோவுக்குப் போனவர்களில் 3.4 விழுக்காட்டினருக்கே சிறுநீரகப் பாதிப்பு நேர்ந்தது. நேராகப் போனவர்களில் அது 27.9 விழுக்காடு. எண்களைக் கேட்டதும் சென்னைக்காரர் அடங்கினார். சகோதரி அடங்கவில்லை, ஆனால் கூட வந்தார்.

புதுச்சேரிக்குப் போனோம். காரைக்காலிலிருந்து அது ஏறத்தாழ 130 கிலோமீட்டர். எங்கள் மாவட்டத்துக்கும் எங்கள் தலைநகருக்கும் நடுவே வேறொரு மாநிலம் கிடக்கிறது என்பதை வெளியூர்க்காரர்களுக்கு ஒவ்வொரு முறையும் விளக்கவேண்டியிருக்கிறது. தரங்கம்பாடி தாண்டித் திருக்கடையூர் வந்ததும் அப்பா கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டார். எழுபது வயது முடிந்து பீமரத சாந்தி செய்தது அங்கேதான். "எமனை உதைச்ச எடம். இப்ப நாம மிஷின்கிட்ட போறோம்" என்றார். சிரித்தோம். அதற்குப் பிறகு சீர்காழி வரை வண்டியில் யாரும் பேசவில்லை.

ஸ்கேன் நிலையத்தில் நாடித்துடிப்பு 78 என்றார்கள். 65க்குக் கீழே வரவேண்டுமாம். துடிப்பு மெதுவானால்தான் இரண்டு துடிப்புகளுக்கிடையே இதயம் ஓய்ந்திருக்கும் நொடியின் பகுதி நீளும், படம் அப்போது எடுக்கப்படும். ஒரு மாத்திரை கொடுத்து ஒரு மணிநேரம் உட்காரவைத்தார்கள். அந்த ஒரு மணிநேரத்தில்தான் படிவம் நிரப்பினோம். ஒவ்வாமை உண்டா, சர்க்கரைக்கு என்ன மருந்து, கிரியாட்டினின் எவ்வளவு. பிறகு ஒரு வரி: பைபாஸ் செய்யப்பட்டிருந்தால் ஒட்டுக்குழாய்கள் எத்தனை, அறுவைக் குறிப்பு உண்டா. எங்களில் ஒருவர் பேனாவை நிறுத்தி அப்பாவைப் பார்த்தார். "மூணுன்னு போடு தம்பி" என்றார் அப்பா. போட்டோம். அம்மா காரைக்காலில் இருந்தார். தொலைபேசியில் கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

மற்றவையெல்லாம் சீக்கிரம் முடிந்தன. நாக்கடியில் நைட்ரோகிளிசரின். வலக்கையில் ஊசி. இடக்கையில் ஏற்றினால் அடர்ந்த மருந்து இடப்பக்கச் சிரையில் பளீரென்று தெரிந்து, கழுத்தெலும்பின் கீழே மார்புத் தமனி புறப்படும் இடத்தை மறைத்துவிடக்கூடும் என்று தொழில்நுட்பர் சொன்னார். அந்தப் புறப்பாடும் படத்தில் வரவேண்டும் என்பதால் மற்றவர்களுக்கு எடுப்பதைவிட மேலேயிருந்து தொடங்கினார்கள். மூச்சை அடக்கச் சொன்னது பத்து விநாடிக்குச் சற்று மேல். உடம்பெல்லாம் சுடுதண்ணீர் ஓடியதுபோல இருந்தது என்றார் அப்பா வெளியே வந்து. அதுவும் அவருக்குப் பிடித்திருந்ததாகத் தோன்றியது.

திரையில் அந்த முப்பரிமாணப் படத்தை எங்களுக்குக் காட்டினார்கள். சதை நீங்கிய விலாக்கூடு, நடுவே மார்பெலும்பைக் கட்டிய கம்பி முடிச்சுகள் வரிசையாக, உள்ளே செந்நிறத்தில் இதயம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த உருவம் புதிதல்ல. ஊனை உதறி எலும்புருவம் வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாருக்கு ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியில் மாங்கனி இறைத்துத் திருவிழா எடுக்கிறவர்கள் நாங்கள். ஆனால் பெற்ற தகப்பனை அந்தக் கோலத்தில் பார்ப்பது வேறு. சகோதரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா குனிந்து, விரலால் மார்புத் தமனியை மேலிருந்து கீழாகத் தொடர்ந்து வந்தார். "நல்லா ஓடுது" என்றார்.

மறுநாள் அறிக்கை வந்தது. மார்புத் தமனி திறந்திருக்கிறது. இரண்டு சிரைக் குழாய்கள் திறந்திருக்கின்றன. சொந்தத் தமனிகளில் சுண்ணாம்பு மிகுதியால் உட்புறத்தைச் சரிவர மதிப்பிட இயலவில்லை, வலப்பக்கத் தமனி தலைப்பில் முழுதாக அடைபட்டிருக்கிறது. கடைசி வரி: மூன்று ஒட்டுக்குழாய்களும் திறந்துள்ளன. இந்தக் கடைசி வரியைத்தான் நாங்கள் படித்தோம். மற்றவற்றின்மேல் கண்கள் ஓடின, அவ்வளவே. அன்று இரவு வீட்டில் பாயசம்.

காரைக்காலில் மருத்துவர் அறிக்கையைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமலிருந்தார். "மூணும் இடப்பக்கத்துக்கே போகுது. வலப்பக்கம் தலைப்புலயே அடைச்சுக் கெடக்கு. அதுக்கு ஒண்ணும் போடாமயா விட்டிருப்பாங்க?" என்று கேட்டார். வலப்பக்க அடைப்பு அறுவைக்குப் பிறகு வந்ததாகவும் இருக்கலாம். ஆனால் அவருக்கு அறுவைக் குறிப்பு வேண்டியிருந்தது. அப்போதுதான் அவர் ஒன்றைச் சொன்னார், அது இன்றுவரை எங்களை விட்டுப் போகவில்லை. திறந்திருக்கும் ஒட்டுக்குழாயை சி.டி. ஸ்கேன் மிகத் தெளிவாகக் காட்டும். சிரைக்குழாய் தமனியைவிடத் தடித்தது, தசையோடு அவ்வளவாகத் துள்ளாதது, சுண்ணாம்பும் குறைவு. வாயிலேயே மூடிப்போன குழாய்க்குள் மருந்து புகாது. மருந்து புகாததற்குப் படத்தில் உருவம் இல்லை. பெருந்தமனிச் சுவரில் ஒரு சிறு மொட்டு மிஞ்சியிருக்கலாம், அவ்வளவுதான். அங்கே ஒன்று இருந்தது என்று தெரிந்தவரே அது இல்லாததைக் காண முடியும்.

சென்னை மருத்துவமனைக்குத் தொலைபேசினோம். அவ்வளவு பழைய கோப்புகள் இப்போது இல்லை என்றார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் பரணுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா பணியிலிருந்த காலம் முழுவதும் நாட்குறிப்பு எழுதியவர். எந்தத் தேதியில் எந்த மதகில் எத்தனை அடி என்பது போன்ற குறிப்புகள், வேறொன்றும் இராது. ஓய்வுபெற்றதும் எழுதுவதை நிறுத்தினார், எழுதியதை மறந்தும்விட்டார். 2008க்கான நாட்குறிப்பு பரணில் மழை படாத மூலையில் இருந்தது. ஐப்பசிப் பக்கங்களில் நீர்மட்டம் இல்லை. வீடு திரும்பும் நாளன்று அறுவையாளர் சொன்னதைக் கேட்டு எழுதியது ஒரு பக்கம் முழுதும் இருந்தது. இதயத்தை அவர் வரப்பு கட்டிய நிலம்போல வரைந்திருந்தார். மேலே பெருந்தமனி, அதற்கு ஆற்றைக் குறிக்கும் இரட்டைக் கோடு. அதிலிருந்து மூன்று வாய்க்கால்கள், தனியே இடப்புறமிருந்து வரும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, கடைமடை. வலப்பக்கம் போகும் கோட்டின் அருகே '4' என்று எழுதி வட்டமிட்டிருந்தார்.

அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். நாலு விரல் என்று 17 ஆண்டுகளாக அவர் சொல்லிவந்ததைப் பற்றி அன்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்தப் பக்கத்தின் படத்தையும் குறுந்தகட்டையும் எடுத்துக்கொண்டு மீண்டும் புதுச்சேரிக்குப் போனோம். கதிரியக்க மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. படிவத்தில் நாங்கள் எழுதிய 3ஐ அவரும் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். பழைய படங்களையே திரும்பத் திறந்து, பெருந்தமனியின் முன்சுவரை மெல்ல உருட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். உளுந்து அளவுக்குக்கூட இல்லாத ஒரு புடைப்பு. மூன்றுதான் என்று வைத்துக்கொண்டால் சுவரின் இயல்பான மேடு. நாலு என்று தெரிந்தால் மூடிய மதகின் வாய். அறிக்கையைத் திருத்தி எழுதிக்கொடுத்தார்.

அது எப்போது மூடியது என்று படம் சொல்லாது. போன மாதமா, பத்தாண்டுகளுக்கு முன்னா. நடையில் வந்த திணறலுக்கு அதுதான் காரணமா என்பதையும் படத்தை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது என்றார் எங்கள் மருத்துவர். தசைக்கு உண்மையில் எவ்வளவு இரத்தம் போய்ச்சேருகிறது என்பது வேறு சோதனைக்குரிய கேள்வி. ஆனால் முதல் அறிக்கையை நம்பி, திணறலை வயதின் கணக்கிலும் நுரையீரலின் கணக்கிலும் எழுதவிருந்தவர் அதை எழுதவில்லை. நைட்ரேட் மாத்திரை சேர்த்தார். பீட்டா தடுப்பியின் அளவைக் கூட்டினார். ஆறு வாரம் பார்ப்போம், குறையாவிட்டால் ஆஞ்சியோ என்றார். எங்கே தேடவேண்டும் என்று இப்போது தெரியும், ஆகவே மருந்து குறைவாகவே செலவாகும்.

அப்பா இதையெல்லாம் எங்களைவிட அமைதியாக எடுத்துக்கொண்டார். "தலைப்பு மூடிப் பல வருஷம் ஆயிருந்தா, கடைமடை அப்பவே காஞ்சிருக்கணுமே. காயல. பக்கத்து வாய்க்கால்லேர்ந்து எங்கியோ கசிஞ்சு வந்திருக்கு" என்றார். மருத்துவரும் ஏறக்குறைய அதையே சொன்னார். மெல்ல மெல்ல அடைபடும்போது பக்கத்துத் தமனிகளிலிருந்து மயிரிழைக் கிளைகள் பருத்து வழி உண்டாக்கிக்கொள்வதுண்டு. அவை சி.டி. படத்தில் தெளிவாகத் தெரியாத அளவுக்கு நுண்ணியவை.

ஆறு வாரங்கள் கழிந்தன. அப்பா கலங்கரை விளக்கம் வரை நிற்காமல் போகிறார், சில நாட்கள் நிற்கிறார். ஆஞ்சியோவை மருத்துவர் இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறார். குறுந்தகடு, இரண்டு அறிக்கைகள், 2008ஆம் ஆண்டு நாட்குறிப்பு ஆகியவற்றை நெகிழி உறையிலிட்டு ஒட்டி, மூன்று பிரதிகள் எடுத்து ஆளுக்கொன்றாக வைத்திருக்கிறோம். உறையை ஒட்டுவதற்குமுன் அப்பா நாட்குறிப்பைக் கேட்டு வாங்கினார். நாலாவது கோட்டின் தலைப்பில் சிவப்புப் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு இழுத்தார். பணிக்காலத்தில் தூர்ந்துபோன வாய்க்கால்களுக்கு வரைபடத்தில் போடுகிற அதே குறி. பக்கத்தில் தேதியிட்டு, 'கண்டறியப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.